கால்பந்து அரங்கில் ஒரு வசைச்சொல்: டாட்டன்ஹாம் ஆதரவாளர்களும் யூத அடையாளமும்

முன்னுரை

ஒரு வசைச்சொல்லை, அதனால் இழிவுபடுத்தப்பட்டவர்களே தம் பெயராக ஏற்று அதன் நஞ்சை முறிப்பதைச் சமூக மொழியியல் ‘மீட்டெடுப்பு’ எனக் குறிக்கிறது. வடக்கு லண்டனைச் சேர்ந்த டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கால்பந்துக் கழகத்தின் ஆதரவாளர்கள் ‘யிட்’ என்னும் யூத வெறுப்புச் சொல்லைத் தமக்குச் சூட்டிக்கொண்டதும் இத்தகைய மீட்டெடுப்பாகவே பேசப்படுகிறது. ஆயின், சூட்டிக்கொண்டவர்களுள் பெரும்பாலோர் யூதர் அல்லர். ஒரு மக்களின் காயத்தை வேறொரு கூட்டம் தன் கொடியாக்க இயலுமா என்னும் வினாவை முன்வைத்து, இச்சொல்லின் வரலாற்றையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் பொருள் மாற்றம்

நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வாழ்ந்த யூதர்கள் பேசியது யிட்டிஷ் மொழி. அது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. அம்மொழியில் நெடிலாக ஒலிக்கும் ‘யீட்’ என்பதற்கு ‘யூதர்’ என்பதே பொருள். அதில் இழிவு ஏதும் இல்லை. 1881-க்குப் பின் ருஷ்யப் பேரரசில் எழுந்த யூத எதிர்ப்பு வன்முறைகளாலும் வறுமையாலும் புலம்பெயர்ந்த யூதர்கள் கிழக்கு லண்டனில் பெருமளவில் குடியேறினர். அவர்கள் தம்மைக் குறித்த சொல், ஆங்கிலேயர் வாயில் குறிலாகக் குறுகி வசையாயிற்று. 1932இல் ஆஸ்வால்ட் மோஸ்லி நிறுவிய பிரித்தானியப் பாசிசவாதிகள் ஒன்றியத்தினர் இதனைத் தெரு முழக்கமாக்கினர். 1936 அக்டோபர் 4 அன்று அவர்களது ஊர்வலத்தைக் கிழக்கு லண்டனின் கேபிள் தெருப் பகுதியில் யூதர்களும் பிற உழைக்கும் மக்களும் மறித்தனர். அத்தலைமுறையின் நினைவில் இச்சொல் தாக்க வருவோரின் குரலாகவே பதிந்தது.

அரங்கிற்குள் நுழைந்த வசை

1882இல் தோன்றிய டாட்டன்ஹாம் கழகத்திற்கு, கிழக்கு லண்டனிலிருந்தும் வடக்கு லண்டனிலிருந்தும் யூத ஆதரவாளர்கள் திரண்டனர். 1935 டிசம்பர் 4 அன்று இங்கிலாந்து, ஜெர்மனி அணிகள் மோதிய ஆட்டம் இக்கழகத்தின் வைட் ஹார்ட் லேன் அரங்கிலேயே நடந்தது. அங்கு நாஜிக் கொடி பறந்தது; யூத அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஆட்டத்தை எதிர்த்தன. எனினும், அண்டையிலுள்ள ஆர்சனல் கழகத்திற்கும் யூத ஆதரவாளர்கள் கணிசமாக இருந்தனர். ஆகவே, டாட்டன்ஹாமை மட்டும் ‘யூதக் கழகம்’ எனச் சுட்டுவது மக்கள்தொகை பற்றிய உண்மை என்பதைவிட எதிரணியினர் இட்ட அடையாளம் எனலே பொருந்தும்.

1970களில் எதிரணி ஆதரவாளர்கள் யூதர்களை இழிக்கும் பாடல்களை அரங்கில் பாடினர்; நச்சுவாயு அறைகளை நினைவூட்டும் சீறலொலியையும் எழுப்பினர். இதற்கு மறுமொழியாக டாட்டன்ஹாம் ஆதரவாளர்கள், யூதரும் யூதரல்லாதாரும் சேர்ந்து, அவ்வசையையே தம் படையின் பெயராக முழங்கினர். தாக்கப்பட்ட யூத நண்பர்களோடு உடன்நிற்றல் என்னும் நோக்கம் அதில் இருந்ததை மறுக்க இயலாது.

நெதர்லாந்தின் அயாக்ஸ் கழக ஆதரவாளர்களும் தம்மை ‘யூதர்’ என அழைத்துக்கொள்கின்றனர். அந்நாட்டு யூதருள் ஏறத்தாழ நான்கில் மூவர் நாஜிகளால் கொல்லப்பட்டனர். அங்கும் இப்பெயர் எதிரணியினரின் வெறுப்பு முழக்கங்களை ஒழிக்கவில்லை.

சட்டமும் கழகமும்

2011இல் டேவிட் பாடியல், ஐவர் பாடியல் சகோதரர்கள் இச்சொல்லுக்கு எதிராகக் குறும்படம் ஒன்றை உருவாக்கினர். 2013இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இச்சொல்லைப் பயன்படுத்துவது குற்றமாகக் கருதப்படலாம் என எச்சரித்தது. அன்றைய தலைமை அமைச்சர் டேவிட் கேமரன், தம்மைத்தாமே அவ்வாறு அழைத்துக்கொள்வதையும் வெறுப்பால் பிறரை அழைப்பதையும் வேறுபடுத்த வேண்டும் என்றார். டாட்டன்ஹாம் ஆதரவாளர் மூவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு 2014இல் கைவிடப்பட்டது. சொல்லப்பட்ட சூழலைக் கருதுகையில் அது குற்றமாகாது என்பதே அரசு வழக்குத் தொடர் துறையின் நிலைப்பாடு.

2019இல் கழகம் நடத்திய கருத்தாய்வில் 23,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். யூதர் ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்தப்படும்போது இச்சொல் இனவெறிச் சொல்லாகலாம் என்பதை 94 விழுக்காட்டினர் ஏற்றனர். ஆயினும் மூன்றில் ஒரு பங்கினர் கால்பந்துச் சூழலில் இதனைத் தொடர்ந்து பயன்படுத்துவதாகக் கூறினர். 2020இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, டாட்டன்ஹாம் ஆதரவாளரைக் குறிக்கும் பொருளையும் சேர்த்தது. 2022 பிப்ரவரியில், இச்சொல்லைக் கைவிடும் காலம் வந்துவிட்டது எனக் கழகம் தன் ஆதரவாளர்களிடம் வேண்டியது.

குழூஉக்குறியும் இடக்கரடக்கலும்

நன்னூல் கூறும் தகுதி வழக்கின் வகைகள் இரண்டு இங்கு ஒளி தருகின்றன. ஆதரவாளர்களுக்கு இச்சொல் ஒரு குழூஉக்குறி: குழுவினர் தமக்குள் வேறொரு பொருளில் வழங்குவது. கழகமும் ஊடகங்களும் இதனை முதலெழுத்தால் மட்டும் ‘ஒய் சொல்’ எனச் சுட்டுவது இடக்கரடக்கல்: அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது. ஒரே சொல் உள்ளே குழூஉக்குறியாகவும் வெளியே மறைக்க வேண்டியதாகவும் நிற்பதே சிக்கலின் மையம்.

குழூஉக்குறி பொருள் தருவது குழுவின் எல்லைக்குள்தான். பல்லாயிரவர் ஒருசேர முழங்கி, தொலைக்காட்சி வழியே உலகெங்கும் ஒலிக்கும்போது அவ்வெல்லை அழிந்துவிடுகிறது. பாடுபவரின் நோக்கம் கேட்பவரின் செவிவரை உடன்செல்வதில்லை. மேலும், யூதரல்லாத ஆதரவாளர் ஆட்டம் முடிந்ததும் அப்பெயரைக் களைந்துவிட்டு வீடு திரும்பலாம். யூதருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

முடிவுரை

டாட்டன்ஹாம் ஆதரவாளர்களின் பயன்பாட்டைப் பகைமை எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதனை முழுமையான மீட்டெடுப்பு எனக் கொள்வதும் பொருந்தாது. உடன்நிற்றலில் தோன்றிய வழக்கு காலப்போக்கில் உரியவர்களின் இசைவை வேண்டாத உரிமையாக இறுகியது. சட்டம் நோக்கத்தையும் சூழலையும் எடைபோட்டு விலகிக்கொண்டது. அகராதி வழக்கைப் பதிவுசெய்து நின்றது. வசையை மீட்கும் உரிமை யாருக்கு என்னும் வினாவுக்கு இவ்விரண்டிலும் விடை இல்லை. அவ்விடையில் முதற்குரல், அச்சொல்லை அரங்கிற்கு வெளியிலும் சுமக்க நேர்ந்தவர்களுடையது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவு.