கள்ளுக்கடையும் லெகோலேண்டும்

ஜொகூரில் லெகோலேண்ட் திறக்கப்பட்டது 2012 செப்டம்பர் 15 அன்று. பெரியவர்களுக்கு நுழைவுச்சீட்டு 140 வெள்ளி, சிறுவர்களுக்கு 110 வெள்ளி. மூன்றரை மாதம் கழித்து, 2013 ஜனவரி 1-இல், மலேசியாவின் முதல் குறைந்தபட்சச் சம்பள ஆணை நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 34 வெள்ளி 60 காசு. ஓர் ஆள் ஒரு நாள் விளையாட நான்கு நாள் உழைக்க வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் போனால் 500 வெள்ளி. மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாசலிலேயே போய்விடும்.

இந்தக் கணக்கைப் போட்டது நானல்ல, என் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு கிடைத்திருந்தது. காலையில் இஸ்கண்டார் புத்ரியில் லெகோலேண்ட், சாயங்காலம் மவுண்ட் ஆஸ்டினில் இருக்கும் ஆஸ்டின் ஹைட்ஸ் நீர்ப்பூங்கா என்பது திட்டம். டிராகன் ரோலர் கோஸ்டருக்கு வரிசையில் நின்றபோது மின்னல் வெட்டுகிறது என்று வண்டியை நிறுத்தினார்கள். கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றோம். "மழை பேஞ்சா எங்க ஆயாவுக்குச் சம்பளம் கெடையாது, தெரியுமா?" என்றாள்.

அவளுடைய ஆயா உலு திராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். பட்டை நனைந்தால் கத்தி போட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் இறங்காமல் மழைநீரோடு மரமெல்லாம் வழிந்துவிடும், மங்கு காலியாகவே கிடக்கும். வேலை இல்லை, அதனால் கூலியும் இல்லை. லயத்து ஜனங்களுக்குக் கேட்காமலே கிடைத்த ஓய்வு நாள் அதுதான். அன்றைக்கு அவர்கள் ஓய்வைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள், அடுப்பைப் பற்றித்தான் யோசித்திருப்பார்கள்.

நம் ஆட்கள் எப்படி உழைத்தார்கள் என்பதை ஓரளவு எழுதி வைத்திருக்கிறோம். கங்காணி, கப்பல், பிரட்டு, தொரை, லயம் எல்லாம் நாவல்களிலும் ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கின்றன. வேலை முடிந்த பிறகு என்ன செய்தார்கள், அந்த நேரத்தை யார் நடத்தினார்கள், அதற்கு யார் காசு வாங்கினார்கள் என்ற கேள்விகள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஜொகூரைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. நிலம் யார் கையில் இருந்ததோ, கேளிக்கையின் கல்லாவும் பெரும்பாலும் அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

முதல் கட்டம் தமிழர்களுக்கு முந்தையது. 1844 முதல் ஜொகூரின் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராஹிம், சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரைக் காடுகளை எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்துக்கு 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுக் கடிதம் என்று பெயர். அதைப் பெற்ற தலைவர் காங்சூ. காட்டை அழித்துக் கம்பீரும் மிளகும் பயிரிட வேண்டியது அவர் பொறுப்பு. நிலத்தோடு சேர்த்து அவருக்கு வேறு சில உரிமைகளும் கிடைத்தன. தன் குடியிருப்பில் அபின் விற்பது, சாராயம் விற்பது, சூதாட்டம் நடத்துவது, பன்றி இறைச்சி விற்பது, அடகுக்கடை வைப்பது எல்லாம் அந்த உரிமைகளில் அடங்கும். கூலிக்காரர் பகலில் காங்சூவின் நிலத்தில் சம்பாதித்ததை இரவில் காங்சூவின் கடையிலேயே செலவழித்தார். போதாவிட்டால் அடகு வைக்கவும் அவரிடமே போனார். கூலி ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கொடுத்தவரிடமே திரும்பி வந்தது. 1917-இல்தான் இந்த உரிமைகள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. ஊர்ப்பெயர்கள் மட்டும் மிச்சம். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று இன்று பலகையில் படிக்கிறோமே, அந்தக் 'கங்கார்' காங்சூ காலத்துச் சொல்தான்.

ஜொகூர் பாரு நகரத்தின் நடுவில் ஓடும் ஜாலான் வோங் ஆ ஃபூக் சாலையும் அந்தக் காலத்து ஆளின் பெயரைத் தாங்கியதுதான். வோங் ஆ ஃபூக் தச்சராகச் சிங்கப்பூருக்கு வந்து ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். ஜொகூர் அரண்மனையான இஸ்தானா பெசாரைக் கட்டியவர். செகெட் ஆற்றை ஒட்டி அவருக்குக் கிடைத்த நிலத்தில் அவர் பெயரிலேயே ஒரு கம்பம் எழுந்தது. அங்கேயும் சூதாட்டம் நடத்தும் உரிமை நிலத்தோடு சேர்ந்தே வந்தது. அதே சாலையில் இருக்கும் கொம்தார் கட்டடத்தில் 2014-இல் ஆங்ரி பேர்ட்ஸ் விளையாட்டுப் பூங்கா திறந்தார்கள். சூதாட்டக் கொட்டகையையும் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கேளிக்கைக்கென்று ஒதுக்கிய இடம் ஒரு நகரத்தில் அவ்வளவு சுலபமாக இடம் மாறுவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது கட்டத்தில் கம்பீர் போய் ரப்பர் வந்தது, ரப்பரோடு நாமும் வந்தோம். காங்சூவின் இடத்தில் கம்பெனி உட்கார்ந்தது, அபின் கடையின் இடத்தில் கள்ளுக்கடை உட்கார்ந்தது. மலாயாவின் பல தோட்டங்களில் கள்ளுக்கடை உரிமம் தோட்ட நிர்வாகத்திடமே இருந்தது. லாபம் தொழிலாளர் நலனுக்கு என்பது ஏட்டில் இருந்த கணக்கு. அந்த நலனுக்கு ஆன செலவையும் குடித்துக் குடித்துத் தொழிலாளியே கட்டினார் என்பது ஏட்டில் எழுதாத கணக்கு.

அந்தக் காலத்தில் பொழுதுபோக்குப் பூங்காவே இல்லாமல் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1923-இல் நியூ வேர்ல்ட், 1931-இல் கிரேட் வேர்ல்ட், 1930-களின் நடுவில் ஹேப்பி வேர்ல்ட் என்று மூன்று 'உலகங்கள்' வரிசையாகத் திறந்தன. மலாய் பங்சாவான் நாடகம், சீன நாடகம், குத்துச்சண்டை, நடன அரங்கு என எல்லாம் ஒரே வேலிக்குள். ஜொகூர்ப் பாலமும் 1924-இல் முறைப்படி திறந்தாகிவிட்டது. ஆனால் விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டிய தோட்டத்து ஆளுக்கு அந்த விளக்குகள் எட்டாத தூரம். அவருக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தது கள்ளுக்கடைதான்.

இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஜொகூரிலிருந்து தள்ளி, சிலாங்கூரின் கிள்ளானில், 1941-இல் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய அளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். இவற்றோடு இன்னும் இரண்டும் இருந்தன. ஒன்று, கள்ளுக்கடையை மூட வேண்டும். இன்னொன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும். சம்பளக் கோரிக்கைக்கு நடுவில் இவை இரண்டும் முதலில் விசித்திரமாகத் தெரியலாம். யோசித்தால் இரண்டுமே ஓய்வைப் பற்றிய கோரிக்கைகள். நீ நடத்தும் கேளிக்கை எங்களுக்கு வேண்டாம், எங்கள் வீட்டுக்கு எங்கள் மனிதர்கள் வரட்டும்.

மூன்றாவது கட்டம் நாம் பார்த்து வளர்ந்தது. தோட்டங்கள் 'தாமான்' ஆயின. மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கஃபேக்களும் நீர்ப்பூங்காவும்தான் நினைவுக்கு வரும். ஸ்கூடாய் பக்கம் ரினி தோட்டம் இருந்த இடம் முத்தியாரா ரினி என்ற குடியிருப்பாகிவிட்டது. மரம் போனது, லயம் போனது. தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாடாங் ரினி தமிழ்ப்பள்ளி, லாடாங் தெப்ராவ் தமிழ்ப்பள்ளி. அங்கே இன்று படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் பால் மரத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

2006-இல் ஜொகூரின் தெற்கில் 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பை மேம்பாட்டு வட்டாரமாக அறிவித்தார்கள். அதுதான் இன்றைய இஸ்கண்டார் மலேசியாவின் தொடக்கம், அன்றைய பரப்பே சிங்கப்பூரைப் போல மூன்று மடங்கு. அதற்குள் பெரும்பகுதி செம்பனை நிலமாக இருந்த இடத்தில் நூசாஜெயா நகரம் எழுந்தது. அதன் பெயர்தான் பின்னாளில் இஸ்கண்டார் புத்ரி என்று மாறியது. நிலத்தை மேம்படுத்திய யூஇஎம், அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவின் குழுமத்தைச் சேர்ந்தது. லெகோலேண்ட் திறந்தபோது அதன் பெரும்பங்கும் அதே குழுமத்திடம்தான் இருந்தது, நடத்தியது பிரிட்டனின் மெர்லின். மறுபடியும் நிலமும் கல்லாவும் ஒரே வீட்டில்.

டென்மார்க்கின் பில்லுண்டில் 1968-இல் முதல் லெகோலேண்ட் பிறந்த கதை வேறு மாதிரி. கட்டைகளால் செய்த மாதிரிகளைப் பார்க்கத் தொழிற்சாலைக்கே ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகவே தனியாகப் பூங்கா அமைத்தார்கள். அங்கே வேலை நடக்கும் இடத்தின் பக்கத்திலேயே விளையாட்டு முளைத்தது. இங்கே வேலை நடந்த இடத்தைத் துடைத்துவிட்டு விளையாட்டு வந்தது. மினிலேண்டில் இரட்டைக் கோபுரம் இருக்கிறது, தாஜ்மஹால் இருக்கிறது. ஒரு ரப்பர் மரமாவது இருக்கிறதா என்று இருவரும் தேடினோம், எங்கள் கண்ணில் படவில்லை.

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. அபின் கூலிக்காரரைக் கடனில் கட்டிப் போட்டது. கள் குடும்பங்களைத் தின்றது. லெகோலேண்டுக்கு யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நாங்கள் விரும்பித்தான் போனோம், மழை விட்டதும் டிராகனில் ஏறிக் கத்தினோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சந்தேகப்பட வேண்டிய அவசியம் இல்லை. மூன்று தலைமுறையில் ஒரு குடும்பம் மழைக்குக் கூலி இழந்த இடத்திலிருந்து, மழை விடட்டும் என்று ஜாலியாகக் காத்திருக்கிற இடத்துக்கு வந்திருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஓய்வு என்றாலே எங்கேயாவது சீட்டு வாங்கி நுழைவது என்று நாம் நினைக்கப் பழகியது எப்போது?

ஏனென்றால் நடுவில் இன்னொரு வழியும் இருந்தது. ஆயாவிடம் கேட்டால் தோட்டத்துத் திருவிழாவைத்தான் சொல்வார். மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொடுத்துச் சேர்த்த காசு, தீமிதி, கூத்து, பிறகு திடலில் வெள்ளைத் துணி கட்டி எம்ஜிஆர் படம். நிலம் கம்பெனியுடையது, கேளிக்கை இவர்களுடையது. ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கோயிலும் அப்படி வளர்ந்ததுதான். 1922-இல் சிறிய அளவில் தொடங்கி, 2009-இல் கண்ணாடிக் கோயிலாக உருமாறியது. லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து படம் எடுக்கிறார்கள்.

அன்று ராத்திரி நாங்கள் சாப்பிட்ட கடையில் பரிமாறிய தம்பி, எங்கள் ஈரத் தலையைப் பார்த்துவிட்டு எங்கே போய் வருகிறோம் என்று விசாரித்தார். அவரும் முன்பு ஒரு பூங்காவில் வேலை பார்த்தவராம். "வேலையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. ஆனா ஊரே லீவுல இருக்கும்போது நமக்கு வேலை. நமக்கு லீவு கிடைக்கிற அன்னிக்கு வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. தனியா ஒக்காந்து என்ன பண்றது?" என்றார்.

இந்த ஊரில் இப்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு மற்றவர்களின் விடுமுறைதான் வேலை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு நாள் எல்லோருக்கும் ஒரே நாளாக அமையுமா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. கிள்ளானில் 1941-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அதைக் கேட்டார்கள். கள்ளுக்கடைக்குப் பதிலாக வேறொரு கடையை அவர்கள் கேட்கவில்லை. தங்கள் வாசலுக்கு விருந்தாளி வர வேண்டும், வந்தால் யாரும் தடுக்கக் கூடாது என்றார்கள்.