பஞ்சு ஆலைக்கும் பாடத்திட்டத்துக்கும் நடுவே: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மருந்து வேதியியல் கல்வியும் தொழிற்பயிற்சியும்

இந்தியாவில் பார்மசி பட்டப்படிப்பு வேதியியல் துறைக்குள் பிறந்தது. பார்மசிப் பயிற்சியோ மருந்து கலந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால் பிறந்தது. இரண்டுக்கும் தாய்வீடு வேறு. மருந்து வேதியியல் படிக்கும் மாணவருக்குத் தொழிற்சாலைப் பயிற்சி இன்றும் ஓர் ஒட்டுத் துணியாகவே தெரிகிறதென்றால், அதற்கான காரணத்தை இந்தப் பழைய பிரிவில்தான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பொருத்தமானது. மருந்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு தொழிலும், மருந்து வேதியியல் கற்பிக்கும் கல்லூரியும் இங்கே ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கின்றன.

பயிற்சியின் கதைதான் மூத்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண மருத்துவமனைகளுக்குத் தேவைப்பட்டவர் கம்பவுண்டர். மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்து, கலவையை அளந்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றித் தருவது அவர் வேலை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்த பார்மசி வகுப்புகளும் இந்தத் தேவையைச் சுற்றியே அமைந்தன. மருந்தைத் தயாரிக்கும் ஆலை பெரும்பாலும் கடல் கடந்து இருந்தது. ஆலை அரிதான நாட்டில் ஆலைப் பயிற்சி பற்றிய பேச்சும் எழவில்லை.

1930இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, அடுத்த ஆண்டே அறிக்கை கொடுத்தது. கலப்பட மருந்து, தரமற்ற மருந்து ஆகியவற்றோடு, பயிற்சி பெற்ற ஆள் இல்லாத குறையையும் அது பதிவு செய்தது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்கும் 1948ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டத்துக்கும் அடி எடுத்துக் கொடுத்தது இந்த அறிக்கைதான். அதே காலத்தில், 1932இல், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் பார்மசிக்கான முதல் பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கினார். அறிவியல் பட்டத்துக்குள் மருந்து வேதியியல் ஒரு பாடமாக வைக்கப்பட்டது. 1937இல்தான் அது பி.பார்ம் என்ற தனிப் பட்டமாக வளர்ந்தது. ஆக, பட்டத்தின் முதல் எழுத்தே வேதியியல். ஆனால் 1948க்குப் பிறகு வந்த கல்வி விதிமுறைகள் கம்பவுண்டர் மரபையே பிடித்துக்கொண்டன. 1991ஆம் ஆண்டின் டிப்ளமோ விதிமுறை 3 மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி கேட்டது. அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கும் வேலையில் கழிய வேண்டும் என்றது.

இதற்கிடையே தொழில் மாறிவிட்டது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தபோது, மருந்துப் பொருளுக்கு அல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்றானது. ஒரு மூலக்கூற்றை வேறு வழியில் தொகுத்துக் காட்டும் வேதியியலாளருக்குத் திடீரென்று மவுசு கூடியது. ஹைதராபாத்தில் பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல். ஆலையைச் சுற்றி ஒரு தலைமுறையே வளர்ந்தது. தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய ஆர்க்கிட் மருந்து நிறுவனம், செங்கல்பட்டை அடுத்த ஆலத்தூரில் செஃபலோஸ்போரின் மூலமருந்து செய்தது. பாடத்திட்டத்தின் வேதியியல் பக்கம் இதற்கு ஈடுகொடுத்துக் கனத்தது. பயிற்சிப் பக்கம்தான் பின்தங்கியது.

இந்திய மருந்தாளுநர் கவுன்சிலின் 2014ஆம் ஆண்டு பி.பார்ம் விதிமுறையை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் வாயில் ‘மெட்கெம்’ என்று புழங்கும் மருந்து வேதியியல் 4, 5, 6ஆம் பருவங்களில் 3 தாள்களாக வருகிறது. இவற்றில் 5ஆம் பருவத்துக்கு ஆய்வகமே கிடையாது. 6ஆம் பருவம் முடிந்து 7ஆம் பருவம் தொடங்குவதற்குள், 4 வாரங்களில் குறைந்தது 150 மணி நேரம் ஆலையிலோ மருத்துவமனையிலோ பயிற்சி பெறலாம். ‘பெறலாம்’ என்பதைக் கவனிக்க வேண்டும்: விதிமுறை இதை விரும்பத்தக்கது என்றுதான் சொல்கிறது. உற்பத்திப் பிரிவு, தரக்கட்டுப்பாடு, பகுப்பாய்வுக் கூடம், வேதிப்பொருள் ஆலை, மருத்துவமனை, மருந்துக் கடை எல்லாம் ஒரே பட்டியலில் சரிசமமாக நிற்கின்றன. 7ஆம் பருவத்தில் பிராக்டிஸ் ஸ்கூல் என்ற பெயரில் இன்னொரு 150 மணி நேரம் வருகிறது, இது கட்டாயம். பிலானி பிட்ஸ் நிறுவனம் 1973இல் இதே பெயரில் தொடங்கிய திட்டத்தில் மாணவர் வளாகத்தை விட்டு ஆலைக்குள் போய் உட்கார்ந்தார். பார்மசி விதிமுறையில் பெயர் வந்துவிட்டது. ஆலைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை.

இனி வட்டாரத்துக்கு வருவோம். ராஜபாளையத்தின் தொழில் வரலாறு பி. ஏ. சி. ராமசாமி ராஜாவிடமிருந்து தொடங்குகிறது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் வந்தது. மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் மூண்ட 1939இல், ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. மருத்துவப் பஞ்சைப் பெயரிலேயே தாங்கிய ஆலை அது. நூற்பை மட்டும் நம்பியிருக்காமல் மருத்துவமனையை வாடிக்கையாளராகக் கொண்டது ஊரின் போக்கையே மாற்றியது என்று நினைக்கிறேன். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் தறிகள் இன்று நெய்வது பெரும்பாலும் பேண்டேஜ் துணியும் காஸும்தான். புடவைத் தறிக்குப் பழகிய கண்ணுக்கு இங்கே பாவு நெருக்கம் விசித்திரமாகப்படும். துணியின் இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும், அதுவும் கணக்காகத் தெரிய வேண்டும்.

பஞ்சு எப்படி மருந்தாகும் என்று கேட்கலாம். சட்டம் அப்படித்தான் பார்த்தது. மருந்து, அழகுசாதன விதிகளின் எஃப்-2 அட்டவணை கட்டுத்துணிகளுக்குத் தரம் வகுத்தது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளுக்குள் கட்டுத்துணி போனபோதும் பிடி தளரவில்லை. உரிமம், தொகுதி எண், பகுப்பாய்வு அறிக்கை என்று மாத்திரைக்கு உள்ள சடங்குகளில் பெரும்பாலானவை இதற்கும் உண்டு.

வேதியியலும் அப்படியே. செடியிலிருந்து பறித்த பஞ்சு தண்ணீரில் மிதக்கும், உறிஞ்சாது. இழையின் மேல் படிந்த மெழுகும் பெக்டினும் அதைத் தடுக்கின்றன. கியர் என்று ஆலையில் சொல்லும் பெரிய அழுத்தக் கொப்பரையில் காஸ்டிக் சோடாவோடு மணிக்கணக்கில் வேகவைத்தால் கொழுப்பு எஸ்டர்கள் சோப்பாகி வெளியேறும். மிஞ்சிய மெழுகு பால்மமாகிக் கழுவலில் போகும். அடுத்து, சோடியம் சிலிக்கேட்டால் நிலைப்படுத்திய ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுப்பு. தண்ணீரில் இரும்பு கொஞ்சம் கலந்திருந்தாலும் பெராக்சைடு கட்டுமீறிச் சிதையும். செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றமடைந்து இழை நொறுங்கும். கல்லூரி ஆய்வகத்தில் இதே அறிவு கிராம் கணக்கில் பயன்படுகிறது. பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தை ஆல்கஹாலோடு எஸ்டராக்கி பென்சோகெயின் எடுக்கும் மாணவர் உருகுநிலை பார்க்கிறார், விளைச்சல் சதவீதம் எழுதுகிறார், ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறார். கியருக்கு அருகில் நிற்பவர் டன் கணக்கான பஞ்சில் அதே வகை எஸ்டர் பிணைப்பை எதிர்த்திசையில் உடைக்கிறார்.

தரச்சோதனையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவருக்கு மறக்காது. செப்புக் கம்பியில் பின்னிய சிறு கூடைக்குள் 5 கிராம் பஞ்சைத் தளர்வாக வைத்து, 20 பாகை செல்சியஸ் நீரின் மேல் பக்கவாட்டில் படுக்கவைத்து விடுகிறார்கள். பார்மகோபியா சொல்வது இவ்வளவுதான்: 10 வினாடிக்குள் கூடை மூழ்க வேண்டும். மூழ்கிய பஞ்சு தன் எடையில் 23 மடங்கு நீரையாவது தாங்க வேண்டும். ஈதரில் கரையும் பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மெழுகு எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் எண் அது. புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால் பளிச்சென்று நீலம் ஒளிரக் கூடாது. சட்டைக்கு வெண்மை ஏற்றும் ஒளிர்சாயம் காயத்தின் மேல் படக்கூடாது என்பதற்காக இந்தச் சோதனை. 10 வினாடி என்ற அந்த எண்ணுக்குள் சோப்பாக்கல், பால்மமாக்கல், பரப்பு இழுவிசை மூன்றும் அடங்கியிருக்கின்றன. பல்கலைக்கழகத் தேர்வில் இவை மூன்று தனித்தனிக் கேள்விகளாக வரும்.

கல்லூரி எங்கே? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் கிருஷ்ணன்கோவில். விடுதலைப் போராட்ட வீரர் தி. கலசலிங்கம் உருவாக்கிய கல்வி வளாகம் இங்கே இருக்கிறது. 1984இல் பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2006இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதே அறக்கட்டளை மரபில் வந்த பார்மசிக் கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய 1980கள்தான் இந்தச் செம்மண் பூமிக்கு மருந்து வேதியியலைக் கொண்டுவந்தன. அதுவரை இங்கே மருந்தென்றால் நினைவுக்கு வருவது சதுரகிரி மூலிகைதான். இன்று அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்குவதால், இலை பறித்து ஆய்வு செய்யவும் அனுமதி வேண்டும்.

இப்படி அடுத்தடுத்து இருந்தும் ஆலையும் கல்லூரியும் ஏன் ஒன்றையொன்று பார்க்கவில்லை? பார்மசி மாணவரின் கண்ணில் தொழிற்சாலை என்றால் மாத்திரை. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்துக்குத்தான் விண்ணப்பம் போகிறது. விடுதி வாடகை, போக்குவரத்து எல்லாம் பெற்றோர் தலையில் விழும். பெரிய ஆலையில் 4 வாரத்துக்கு வந்தவரை எந்த இயந்திரத்தையும் தொடவிட மாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. காஸ் நெய்யும் ஆலை அவருக்கு ஜவுளிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆலை முதலாளிக்கோ பார்மசிப் பட்டதாரி என்பவர் மருந்துக் கடைக்காரர். பட்டமும் பயிற்சியும் வேறு வேறு வீட்டில் பிறந்ததன் விளைவு இந்தப் பார்வைக் கோளாறு.

பேண்டேஜ் ஆலையில் எல்லாவற்றையும் கற்றுவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்பியோடு மூலக்கூறு பொருந்துவது, அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவு, 1960களில் ஹான்ஷ் தொடங்கிவைத்த கணக்கீட்டு முறை ஆகியவற்றுக்குக் கியரில் இடமில்லை. மூலமருந்துத் தொகுப்பு பழக ஆலத்தூருக்குத்தான் போக வேண்டும். ஆனால் வரம்புச் சோதனை, தொகுதிப் பதிவேடு, கழிவுநீர், விளைச்சல் இழப்பு, ஒரு தொகுதி தேறாமல் போனால் என்ன செய்வது போன்ற பட்டறை அறிவு இங்கே கிடைக்கும். மருந்து வேதியியல் தாளுக்கு இன்று கிடைக்காதது அதுதான்.

புதிய அரசாணை எதுவும் இதற்குத் தேவையில்லை. பிராக்டிஸ் ஸ்கூலுக்கான துறைகளை அறிவிக்கும் அதிகாரத்தை 2014ஆம் ஆண்டு விதிமுறை கல்லூரியின் பாடக்குழுவிடமே விட்டிருக்கிறது. கட்டுத்துணி வேதியியலும் தரக்கட்டுப்பாடும் என்று ஒரு துறையை அந்தக் குழு சேர்த்தால், கிருஷ்ணன்கோவிலில் ஏறும் மாணவர் ராஜபாளையத்தில் இறங்கி ஆலை வாசலுக்குப் போய்விடலாம்.