கழிவுக்கு முந்திய சட்டம், பழுதுபார்ப்புக்குப் பிந்திய சட்டம்

இந்தியாவில் வீட்டு மின்னணுக் கருவிகளின் ஆயுள் குறித்த சட்டத்தின் அக்கறை, அவ்வாயுள் முடிந்த இடத்திலிருந்தே தொடங்கியது. 2011இல் அறிவிக்கப்பட்டு, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், கழிவானதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. கழிவாகாமல் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது அவற்றின் மைய வினாவாக இருக்கவில்லை.

அப்பொறுப்பை நெடுங்காலம் ஏற்றிருந்தவர்கள் பழுதுபார்ப்போர். புனேயின் தப்கீர் கல்லியும் சென்னையின் ரிச்சி தெருவும் அவர்களுக்கு உதிரிபாகம் வழங்கிய அங்காடிகள். பழைய வானொலியில் வால்வு தாங்கியில் செருகப்பட்டிருந்தது. கெட்டதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்த இயன்றது. டிரான்சிஸ்டர் பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தாலும், பற்றவைக்கும் கோலும் மல்டிமீட்டரும் அதற்குப் போதுமாயிருந்தன. நுண்ணிய சில்லுகளும் பசையால் ஒட்டப்பட்ட மின்கலங்களும் வந்தபின், ஒரு சிறு பழுதுக்குப் பலகை முழுவதையும் மாற்றும் வழக்கம் பரவியது. கைத்திறன் குன்றவில்லை; அது செயற்படும் களம் சுருங்கியது.

இம்மாற்றத்தின் சுவடு ஒரு பெயரிலும் தெரிகிறது. புனேயில் 1993இல் உருவான கழிவு சேகரிப்போர் சங்கத்தின் பெயர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்'. காகிதம், கண்ணாடி, தகரம் என்னும் மூன்றே அப்பெயரில் உள்ளன; மின்னணுப் பொருள் இல்லை. இச்சங்கத்தின் வழிவந்த ஸ்வச் கூட்டுறவுடன் புனே மாநகராட்சி 2008இல் ஒப்பந்தம் செய்தது. கோந்த்வா முதலிய புறநகர்களை உள்ளடக்கிய அந்நகரில், வீட்டு வாயிலில் சேரும் கழிவின் இயல்பே இன்று வேறு. உலகளவில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே.

ஆயுள் நீட்டிப்பு எல்லாக் கருவிக்கும் ஒரே பயன் தருவதன்று. கைப்பேசியின் கரிம உமிழ்வில் பெரும்பகுதி உற்பத்தியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே கூடுதலாகப் பயன்படும் ஒவ்வோர் ஆண்டும் ஆதாயம். மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் பழைய குளிர்பதனப் பெட்டிக்கு இக்கணக்கு மாறக்கூடும்.

பழுதுபார்ப்பு உரிமைக்கான குழுவை ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்தது. பிரான்ஸ் 2021இலேயே கருவிகளுக்குப் பழுதுபார்ப்புக் குறியீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. அத்தகைய குறியீட்டுக்கான இந்திய அறிக்கை 2025 மே மாதம் அளிக்கப்பட்டது. உதிரிபாகம் கிடைத்தல், பிரித்தெடுக்கும் எளிமை, மென்பொருள் புதுப்பிப்பு ஆகியன அதன் அளவுகோல்கள்.

பெட்டியின்மேல் அச்சிடும் மதிப்பெண்ணோடு இது நின்றுவிடின், பயன் வாங்குவோரின் தெரிவுக்கு மட்டுமே. நிறுவனச் சேவை மையத்திற்கு வெளியே அமர்ந்து பழுதுபார்ப்பவருக்கும் உதிரிபாகமும் சுற்று வரைபடமும் நியாய விலையில் கிடைத்தாலன்றி, சட்டம் கழிவின் வாயிலிலேயே காத்திருக்கும்.