அப்பா பெயரிலேயே இருக்கும் வீட்டு கிராண்ட்: வாரிசுகள் எந்த அலுவலகத்துக்குப் போவது?

தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் சுங்கைப்பட்டாணியிலோ பாடாங் செராயிலோ ஒரு மலிவுவிலை வீடு வாங்கிய தலைமுறை ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறது. வீடு நிற்கிறது, பிள்ளைகளில் ஒருவர் குடியிருக்கிறார், கிராண்ட் மட்டும் இறந்தவர் பெயரிலேயே கிடக்கிறது. விற்கப் போகும்போதோ, வங்கியில் கடன் கேட்கும்போதோதான் பல குடும்பங்களுக்கு இது பிரச்சினையாகத் தெரிகிறது.

ஆனால் அதற்கு முன்பே ஆபத்து வரலாம். நிலவரியை ஆண்டுதோறும் மே 31-க்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நில அலுவலகம் 6ஏ நோட்டீஸ் அனுப்பும். அதில் தரப்படும் மூன்று மாத அவகாசம் கடந்தால் நிலத்தை மாநில அரசு பறிமுதல் செய்ய முடியும். அந்த நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போகும்? பதிவில் இருப்பது பழைய தோட்டத்து லயத்தின் முகவரி என்றால் அங்கேதான். லயமே இடிக்கப்பட்டுச் செம்பனையாகிவிட்ட இடங்கள் கெடாவில் எத்தனையோ. எனவே சொத்துப் பிரிவினை முடியும்வரை யாராவது ஒருவர் வரியைக் கட்டி, ரசீதை வைத்திருப்பது முதல் வேலை.

அடுத்து, எந்த அலுவலகம் என்ற கேள்வி. இறந்தவர் உயில் எழுதியிருந்தால், அதில் குறிப்பிடப்பட்ட நிறைவேற்றுநர் உயர்நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கெடாவில் அலோர்ஸ்டாரில் உயர்நீதிமன்றம் உள்ளது. உயில் இல்லை, சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டவில்லை என்றால் அது சட்டப்படி ‘சிறு சொத்து’. 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் அதை நீதிமன்றம் போகாமலே பிரிக்கலாம். இந்த உச்சவரம்பு முன்பு 20 லட்சமாக இருந்தது. 2024 ஜூலை 15 முதல்தான் உயர்ந்தது. பெரும்பாலான தோட்டத்துக் குடும்பங்களின் சொத்து இந்த வரம்புக்குள் அடங்கிவிடும், வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நிலமோ வீடோ இல்லாமல் வங்கிப் பணம், வாகனம் போன்ற அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் அமானா ராயாவை நாடலாம்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிறு சொத்துப் பிரிவு மத்திய அரசின் நில, கனிமவளத் துறையைச் சேர்ந்தது. கிராண்ட் பதிவேடு இருப்பதோ மாநில அரசின் நில அலுவலகத்தில். முதலில் சொன்ன இடத்தில் ‘ஏ’ படிவம் கொடுத்து, விசாரணை நடந்து, ‘இ’ படிவத்தில் பிரிவினை ஆணை கிடைக்கும். அந்த ஆணை நில அலுவலகத்தில் பதிவானால்தான் கிராண்டில் பெயர் மாறும். ஆணை கிடைத்த மகிழ்ச்சியில் அதை அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டுப் பத்தாண்டு கழித்துத் தேடினால், கிராண்டில் இருப்பது அப்பா பெயராகவே இருக்கும்.

ஆவணங்களில் இறப்புப் பத்திரம், கிராண்ட் நகல், நில அலுவலகத்தின் அதிகாரப்பூர்வ தேடல் அறிக்கை, வாரிசுகள் அனைவரின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், நிலவரி ரசீது ஆகியவை முக்கியமானவை. தனி கிராண்ட் இன்னும் வெளியாகாத வீடு என்றால் வாங்கிய போது போட்ட விற்பனை ஒப்பந்தம் தேவைப்படும். காகிதம் சேர்ப்பதைவிடப் பெரிய சிக்கல் பெயர்தான். பிறப்புப் பத்திரத்தில் ‘ராமசாமி’யின் எழுத்து ஒருவிதம், அடையாள அட்டையில் வேறுவிதம், கிராண்டில் மூன்றாவது விதம். கிராணி காதில் விழுந்தபடி எழுதிய காலத்தின் மிச்சம் இது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் செய்ய வேண்டிவரும். விசாரணை நாளில் கண்டுபிடிப்பதைவிட முன்கூட்டியே தேசியப் பதிவிலாகாவில் சரிபார்ப்பது நல்லது.

திருமணத்திலும் கவனம் வேண்டும். திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமய முறைப்படி செல்லுபடியாக நடந்த மணங்களை அச்சட்டம் ஏற்கிறது. அதற்குப் பின் கோயிலில் தாலி மட்டும் கட்டி, பதிவு செய்யாமல் விட்ட பெண்கள் மனைவி என்ற உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் வரை போக நேரிடலாம்.

யாருக்கு எவ்வளவு? முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். இப்போதைய விகிதம் 1997 ஆகஸ்ட் 31 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் இறந்தவர்களுக்குப் பழைய விகிதம். கணவர் இறந்து, மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குத் தலா ஆறில் ஒரு பங்கு. இறந்தவரின் தாயும் உயிரோடிருந்தால் கணக்கு மாறும்: மனைவிக்குக் கால், தாய்க்குக் கால், மீதிப் பாதி பிள்ளைகளுக்கு, அதாவது தலா எட்டில் ஒரு பங்கு. மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கணக்கில் சேர்க்க மறக்கும் குடும்பங்கள் உண்டு. மகன், மகள் வேறுபாடு சட்டத்தில் இல்லை. சீர்வரிசை கொடுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்ற வாதம் விசாரணை அதிகாரி முன் நிற்காது. பங்கு வேண்டாம் என்று அக்காளோ தங்கையோ மனமொப்பி விட்டுக்கொடுக்கலாம். அது அவர் தாமே சொல்ல வேண்டியது. சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருந்து வர முடியாதவர்களுக்கு ‘டிடிஏ’ ஒப்புதல் படிவம் உள்ளது.

நிர்வாகியாக நியமிக்கப்படுபவர் பெரும்பாலும் மூத்த மகன். அண்ணன் பெயர் வந்துவிட்டது, வீடு அண்ணனுடையது என்று மற்றவர்கள் ஒதுங்குவதும், அண்ணனே அப்படி நம்பிவிடுவதும் சண்டையின் தொடக்கம். நிர்வாகி சொத்தின் உரிமையாளர் அல்லர். கடனை அடைத்து, மீதியை உரியவர்களிடம் ஒப்படைக்கும்வரை வைத்திருக்கும் அறங்காவலர்தான். வாடகை வந்தால் கணக்கு வைக்க வேண்டும். வருமான வரி வாரியத்தில் இறந்தவரின் சொத்துக்கு ‘டிபி’ படிவம் தாக்கல் செய்யும் பொறுப்பும் அவருடையதே. வாரிசு வரி என்று ஒன்று இருப்பதாகச் சிலர் பயமுறுத்துவார்கள். அது 1991 நவம்பர் 1-ஆம் தேதியே நீக்கப்பட்டுவிட்டது.

18 வயது நிறையாத பிள்ளை இருந்தால் அவர் பங்கை அறங்காவலர் பெயரில் வைப்பார்கள். அந்தப் பங்கைப் பாதுகாக்க நிலப் பதிவாளர் கேவியட் போடலாம். அம்மாவே அறங்காவலராக இருந்தாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. அவசரத்துக்கு வீட்டை விற்கலாம் என்று முன்பணம் வாங்குமுன் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

தள்ளிப்போட்டால் வாரிசுகள் பெருகுவார்கள். அப்பா சொத்தைப் பிரிக்குமுன் ஒரு மகன் இறந்தால் அவர் பங்குக்கு இன்னொரு கோப்பு, இன்னொரு குடும்பம், இன்னும் சில கையொப்பங்கள். மூன்றாம் தலைமுறையில் இருபது பேரைத் தேட வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் நிர்வாக ஆணை தேவைப்படாது. ஊழியர் சேமநிதியில் நியமனதாரர் பெயர் கொடுத்திருந்தால் பணம் நேராக அவருக்குப் போகும். சொக்சோ வாரிசு ஓய்வூதியத்துக்கும் இந்த ஆணை வேண்டாம். ஏழாண்டுகள் தொடப்படாத வங்கிக் கணக்கின் பணம் தலைமைக் கணக்காளர் துறையிடம் போயிருக்கும்; ‘ஈகுமிஸ்’ இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடலாம்.

பழைய டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டி, துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். தாத்தா பாட்டி சம்பளத்திலிருந்து மாதம் மாதம் கட்டிய பங்கின் பத்திரம் அந்தப் பெட்டியில் இருந்தால், சங்கத்திடம் விசாரித்து அதையும் சொத்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.