லி நதிப் பயணம் போறீங்களா? செயின் ஹோட்டலை புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சீனாவின் 20 யுவான் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நதி, அதன் இரண்டு பக்கமும் கூம்பு கூம்பாக எழுந்து நிற்கும் மலைகள், நடுவில் ஒரு சின்னப் படகு. அது தெற்கு சீனாவின் குவாங்சி பகுதியில் ஓடும் லி நதி. நோட்டில் இருக்கும் காட்சி ஷிங்பிங் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரீல்ஸில் மூங்கில் தெப்பமும் பனிமூட்டமுமாக நீங்கள் பார்த்த இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

2025 அக்டோபரில் இந்தியா - சீனா நேரடி விமானங்கள் மீண்டும் ஆரம்பித்துவிட்டன. குவாங்சோவில் இறங்கினால், அங்கிருந்து அதிவேக ரயிலில் சுமார் 3 மணி நேரத்தில் குய்லின் போய்விடலாம். டிக்கெட் போடுவது ஈஸி. நிறைய பேர் குழம்புவது ஹோட்டல் விஷயத்தில்தான். 'தெரிஞ்ச பிராண்ட், நல்ல ஸ்டார், கம்மி விலை' என்று மூன்றை மட்டும் பார்த்து புக் செய்தால், நதிக்கு வந்தும் நதியைச் சரியாகப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும். ஏன்னு பார்ப்போம்.

நதி ஒரு வழிப் பாதை

குய்லினிலிருந்து யாங்ஷுவோ வரை சுமார் 83 கிலோமீட்டர். படகுகள் நதியின் போக்கில் வடக்கிலிருந்து தெற்காகப் போகும். சுமார் 4 மணி நேரப் பயணம். காலையில் ஏறினால் மதியம் யாங்ஷுவோவில் இறக்கிவிடுவார்கள். படகு உங்களைத் திரும்ப குய்லினுக்குக் கூட்டிவராது.

அதனால் குய்லினில் ஒரே ஹோட்டலில் நான்கு இரவு போட்டுவிட்டு, 'படகில் போய் சாயங்காலம் திரும்பிடலாம்' என்று நினைத்தால், சுமார் ஒன்றரை மணி நேரம் ரோட்டில் திரும்ப வேண்டும். யாங்ஷுவோவின் மாலை நேரமும் மறுநாள் காலையும் போச்சு. சரியான வழி, படகுக்கு முந்தைய இரவு குய்லினில், படகுக்குப் பிந்தைய இரவுகள் யாங்ஷுவோவில். பெட்டியைப் படகிலேயே எடுத்துப் போகலாம். ரெண்டு ஊர், ரெண்டு ஹோட்டல். ரெண்டு ஹோட்டலுக்கும் வேலை வேறு வேறு.

செயின் ஹோட்டல் எதுக்கு உத்தரவாதம்?

சீனாவில் செயின் ஹோட்டல்கள் டீக்கடை மாதிரி, தெருவுக்குத் தெரு உண்டு. பட்ஜெட் வரிசையில் ஹான்டிங், ஹோம் இன், 7 டேஸ். அதற்கு ஒரு படி மேலே ஜி ஹோட்டல், ஆரஞ்ச், வியன்னா, அட்டூர். இவற்றில் ஹான்டிங், ஜி, ஆரஞ்ச் மூன்றும் எச் வேர்ல்டு குழுமத்தைச் சேர்ந்தவை. வியன்னாவும் 7 டேஸும் ஜின் ஜியாங் குழுமம். இந்த இரண்டு குழுமங்களுக்கும் தலா 10,000-க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் இருக்கின்றன.

சுத்தமான படுக்கை, வெந்நீர், ஏசி, கெட்டில், வைஃபை, 24 மணி நேர ரிசப்ஷன். இவை செயினில் பெரும்பாலும் கிடைத்துவிடும். ராத்திரி 12 மணிக்குப் போய் இறங்கினாலும் கதவைத் தட்டி யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தக் கிளைகளில் பெரும்பாலானவை ஃப்ரான்சைஸ். போர்டு ஒன்று, முதலாளி வேறு. அதனால் ஒரே பெயரில் ஒரு கிளை பளபளவென்றும், இன்னொன்று கார்ப்பெட்டில் சிகரெட் வாடையோடும் இருக்கும். பிராண்டுக்கான ரேட்டிங்கைப் பார்க்காதீங்க, அந்தக் கிளைக்கான ரிவ்யூவைப் பாருங்க. அதிலும் கடைசி 6 மாத ரிவ்யூ மட்டும்.

பாஸ்போர்ட்டை எடுத்துக்குவாங்களா?

வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும் என்பது சீனச் சட்டம். ஹோட்டலில் தங்கினால் அந்த வேலையை ரிசப்ஷனே செய்துவிடும். பாஸ்போர்ட்டையும் விசா பக்கத்தையும் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுப்பார்கள். யாராவது வீட்டில் தங்கினால், பதிவு செய்யும் பொறுப்பு உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் வரும்.

ரொம்ப காலமாக, 'வெளிநாட்டவரைத் தங்கவைக்க எங்களுக்கு அனுமதியில்லை' என்று சொல்லி சில சின்ன ஹோட்டல்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று 2024-ல் சீன அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ரிசப்ஷனில் இருப்பவருக்கு வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியவில்லை என்றால், ராத்திரி 11 மணிக்கு சட்டம் பேசிப் பிரயோஜனம் இல்லை. புக் செய்த உடனே ஆப் வழியாக ஹோட்டலுக்கு ஒரு மெசேஜ் போடுங்க: 'இந்திய பாஸ்போர்ட்டில் வருகிறேன், செக்-இன் செய்ய முடியுமா?' பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. வெளிநாட்டவர் எழுதிய ரிவ்யூ அந்தக் கிளைக்கு இருந்தால் இன்னும் நல்லது.

குய்லினில்: இடம் முக்கியம், வியூ இல்லை

படகுக்கு முந்தைய இரவுக்கு குய்லினில் பட்ஜெட் செயினே போதும். காரணம் எளிமையானது. யாங்ஷுவோ போகும் பெரிய படகுகள் நகரத்துக்குள்ளிருந்து கிளம்புவதில்லை. மோபான்ஷான், ஜூஜியாங் என்ற படகுத் துறைகள் நகரத்துக்குத் தெற்கே, காரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரத்தில் இருக்கின்றன. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது.

நகர மையத்தில் சூரிய, சந்திர இரட்டைக் கோபுரங்கள் இருக்கும் ஏரிப் பகுதி, ஜெங்யாங் நடைபாதைத் தெரு, யானைத் துதிக்கை மலை எல்லாமே பக்கம் பக்கம். இந்தச் சுற்றுவட்டத்தில் தங்கினால் சாயங்காலம் நடந்தே பார்த்துவிடலாம். படகு டிக்கெட்டோடு பிக்-அப் பஸ் எடுத்திருந்தால், அது எந்தப் பகுதி ஹோட்டல்களுக்கு வருகிறது என்று கேட்டுவிட்டு அறையை புக் பண்ணுங்க. குய்லின் வடக்கு ஸ்டேஷன் அருகில் அறை மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அது மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது.

ஆற்றங்கரையிலேயே தங்கியாகணும், பட்ஜெட்டும் இருக்கு என்பவர்களுக்கு, நகரத்திலேயே லி நதியை ஒட்டி ஷாங்ரி-லா இருக்கிறது. ஒரே ஒரு இரவுக்கு அந்தச் செலவு தேவையா என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

யாங்ஷுவோவில்: இங்கே செலவு பண்ணுங்க

மிச்சம் பிடித்த காசை இங்கே போடலாம். நீங்கள் பகல் வெளிச்சத்தில் அறையில் இருக்கப்போவது இந்த ஊரில்தான். தங்கும் இடம் மூன்று வகை.

முதலாவது, வெஸ்ட் ஸ்ட்ரீட் பகுதி. செயின் ஹோட்டல்கள் அதிகம், சாப்பாடும் கடைகளும் காலடியில். ஆனால் பார்களின் பாட்டுச் சத்தம் ராத்திரி வெகுநேரம் கேட்கும். இங்கே எடுப்பதானால் தெருவை விட்டு இரண்டு மூன்று சந்து தள்ளி எடுங்க. 2004-ல் இருந்து லி நதியையே மேடையாக்கி நடக்கும் 'லியூ சான்ஜியே' இரவு நிகழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, ஊருக்குள் தங்குவது வசதி. இதன் இயக்குநர்களில் ஒருவர், பீஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய ஜாங் யிமோ.

இரண்டாவது, யூலோங் நதிக்கரை. லி நதியின் கிளை ஆறு, அமைதியானது. கையால் கழி ஊன்றித் தள்ளும் மூங்கில் தெப்பம் இங்கேதான். லி நதியில் யாங்டி - ஷிங்பிங் பக்கம் ஓடும் 'மூங்கில்' தெப்பங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாயில் மோட்டார் வைத்தவை. யூலோங் கரையில் செயின் குறைவு, சின்ன விருந்தினர் இல்லங்கள் அதிகம். சொகுசு செயின் வேண்டும் என்றால், ஊரை விட்டுத் தள்ளி லி நதிக்கரையில் பழைய சர்க்கரை ஆலையை ஹோட்டலாக மாற்றிய அலிலாவும், பான்யன் ட்ரீயும் இருக்கின்றன.

மூன்றாவது, ஷிங்பிங். 20 யுவான் காட்சியையும், எதிர்க்கரையில் ஷியாங்கொங் மலையின் சூரிய உதயத்தையும் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு இரவு இங்கே தங்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கு. 'யாங்ஷுவோ ஸ்டேஷன்' என்று பெயர் வைத்திருக்கும் அதிவேக ரயில் நிலையம் யாங்ஷுவோ ஊரில் இல்லை. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஷிங்பிங் பக்கத்தில் இருக்கிறது. 'ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல்' என்று எடுத்துவிட்டு வெஸ்ட் ஸ்ட்ரீட்டைத் தேடாதீங்க. திரும்பும் ரயிலுக்கும் அந்தத் தூரத்தைக் கணக்கில் சேர்த்துக்கோங்க.

புக்கிங் பக்கத்தில் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. ஜன்னல்: சீன பட்ஜெட் ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகளும் விற்பனைக்கு உண்டு. சீனத்தில் 'வூ ச்சுவாங்' என்பார்கள். விலை ஆச்சரியமாகக் குறைந்திருந்தால் முதலில் இதைப் பாருங்க. நடைக்கூடத்தைப் பார்த்த ஜன்னலையும் சில இடங்களில் ஜன்னல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

2. வியூ: 'ரிவர்' என்று ஹோட்டல் பெயரில் இருப்பது வேறு, அறை வகையில் 'ரிவர் வியூ' என்று இருப்பது வேறு. சீனத்தில் 'ஜியாங் ஜிங்'. அறை வகையில் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்க. தங்கியவர்கள் ஜன்னலிலிருந்து எடுத்துப் போட்ட போட்டோ இருக்கிறதா என்றும் தேடுங்க.

3. கிளைப் பெயர்: 'யானை மலைக் கிளை' என்ற பெயரைப் பார்த்து, மலை எதிரே இருக்கும் என்று நினைத்துவிடாதீங்க. முகவரியை மேப்பில் போட்டு நடை தூரத்தைப் பாருங்க. கூகுள் மேப்ஸ் சீனாவில் இடத்தைத் தள்ளிக் காட்டும். அமாப் அல்லது ஆப்பிள் மேப்ஸ் சரியாக இருக்கும்.

4. வருடம்: திறந்த ஆண்டு, புதுப்பித்த ஆண்டு இரண்டையும் ட்ரிப்.காம் போன்ற ஆப்களில் காட்டுவார்கள். 10 வருடப் பழைய, புதுப்பிக்காத கிளையைத் தவிர்த்துவிடுங்க.

5. மாடி: வசந்த காலத்தின் ஆரம்பத்தில் தெற்கு சீனாவில் சுவரே வியர்க்கும் அளவுக்கு ஈரப்பதம் வரும். ஆற்றங்கரைத் தரைத்தள அறை போட்டோவில் அழகு, படுக்கை ஈரம். மேல் மாடி கேளுங்க.

6. காலை உணவு: எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று பாருங்க. பிக்-அப் அதற்கு முன்னாடி என்றால் 'தாபாவ்' என்று கேட்டுப் பாருங்க, பார்சல் கட்டிக் கொடுக்கலாம். சைவம் என்றால் கஞ்சி, ஆவியில் வேகவைத்த பன், சோளம், சர்க்கரைவள்ளி, சோயா பால் பெரும்பாலும் இருக்கும். குய்லினின் பிரபலமான அரிசி நூடுல்ஸ் பொதுவாக இறைச்சியோடுதான் வரும்.

எப்போ போறீங்க?

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மழைக்காலம். மலைகளில் மேகம் தவழும் அந்த ஓவியம் போன்ற காட்சி கிடைப்பதும் அப்போதுதான், படகு ரத்தாவதும் அப்போதுதான். 2024 ஜூனில் லி நதியில் வந்த வெள்ளம் 1998-க்குப் பிறகு மிகப் பெரியது. குய்லின் ரயில் நிலையத்திலேயே தண்ணீர் புகுந்தது. அதனால் இந்த மாதங்களில் போகிறவர்கள் 100 ரூபாய் மிச்சம் என்று 'ரீஃபண்ட் கிடையாது' அறையை எடுக்காதீங்க. கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய புக்கிங்தான் பாதுகாப்பு. யாங்ஷுவோவில் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தால், மழை ஒரு நாளைத் தின்றாலும் பயணம் தப்பிக்கும்.

செப்டம்பர், அக்டோபரில் வானம் தெளிவு. ஆனால் அக்டோபர் முதல் வாரமும் மே முதல் வாரமும் சீனாவின் பெரிய விடுமுறைகள். ஹோட்டல் விலை பல மடங்கு ஏறும், படகு டிக்கெட்டும் கிடைக்காது. அந்த வாரங்களைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் தண்ணீர் குறைவதால் படகுப் பாதையை மாற்றவோ சுருக்கவோ வாய்ப்பு உண்டு.

பணமும் போனும்

ஜிபே ஸ்கேனை நம்பிப் போகாதீங்க. கிளம்பும் முன்பே அலிபேயில் உங்கள் இன்டர்நேஷனல் விசா அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்க. 200 யுவான் வரையிலான ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3% எடுப்பார்கள். செக்-இன்னில் சில ஹோட்டல்கள் 'யாஜின்' என்று ஒரு டெபாசிட் கேட்கும், செக்-அவுட்டில் திரும்பி வந்துவிடும். கொஞ்சம் ரொக்கமும் வெச்சுக்கோங்க.

ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப், இன்ஸ்டா, கூகுள் எதுவும் திறக்காது. ரோமிங் அல்லது இன்டர்நேஷனல் இ-சிம் டேட்டாவில் பொதுவாக வேலை செய்யும். ஹோட்டல் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. டாக்ஸி டிரைவருக்குக் காட்ட அது போதும். நம்ம ஊர் உருண்டை பின் சார்ஜர் அங்கே சேராது, ஒரு அடாப்டர் எடுத்துப் போங்க.

மொத்தத்தில்...

குய்லினில் 1 அல்லது 2 இரவு, மையத்தில், நல்ல ரிவ்யூ உள்ள பட்ஜெட் செயின். யாங்ஷுவோவில் 2 அல்லது 3 இரவு, ஜன்னலைத் திறந்தால் மலையாவது தெரியும் அறை. அது செயினாக இருந்தாலும் சரி, உங்கள் பாஸ்போர்ட்டை ஏற்கும் நல்ல விருந்தினர் இல்லமாக இருந்தாலும் சரி. செயின் பெயர் உங்களுக்கு நிம்மதியான தூக்கத்தைத் தரும். நதியைத் தருவது, நீங்கள் எந்த ஊரில், எந்தப் பக்கம் பார்த்த அறையில் கண் விழிக்கிறீர்கள் என்பதுதான். புக் பட்டனை அழுத்தும் முன் மேப்பை ஒரு தடவை திறந்து பாருங்க!