வெண்திட்டும் நோயறிதலும்: எம்.எஸ். ஐயத்தில் மூளை ஸ்கேனை வாசித்தல்

ஐதராபாத்தின் பேகம்பேட்டில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் வட்டமான சில அணுக்களைக் கண்டார். அவை மலேரியா ஒட்டுண்ணியே என்று கொள்ள அவருக்கு மூன்று ஆதாரங்கள் இருந்தன. அந்தக் கொசு மலேரியா நோயாளியின் ரத்தத்தைக் குடித்திருந்தது. அணுக்களுக்குள் மலேரியாவுக்குரிய கருநிறத் துகள்கள் தெரிந்தன. மறுநாள் அறுத்த கொசுவில் அவை பெரிதாகியிருந்தன. பின்னணி, தோற்றம், கால மாற்றம் ஆகிய இம்மூன்றும் கூடிவந்தாலன்றி, மூளை எம்.ஆர்.ஐ. படத்தின் வெண்திட்டுகளை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று முடிவு செய்யலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோற்றத்திலிருந்து தொடங்கலாம். திசுவில் நீர் கூடிய இடமெல்லாம் ஃபிளேர் எனும் எம்.ஆர்.ஐ. படவகையில் வெளுத்துத் தெரியும். எம்.எஸ்.ஸில் நரம்பிழைகளின் மயலின் உறை சிதைந்த இடம் அப்படித் தெரிகிறது. ரத்த அழுத்தத்தால் நுண்குழாய்கள் பழுதான இடமும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் சிறு புள்ளிகளும் அப்படியே தெரிகின்றன. வேறுபடுத்துவது இடமும் வடிவமும்தான். எம்.எஸ். திட்டு பொதுவாக 3 மி.மீ.க்குக் குறையாது, முட்டை வடிவில், மூளை அறையின் விளிம்பைத் தொட்டுச் செங்குத்தாக நிற்கும். அழற்சி சிறு சிரைகளைச் சுற்றித் தொடங்குவதால் பல திட்டுகளின் நடுவே ஒரு சிரை ஓடும். எடின்பரோ நோயியலாளர் ஜேம்ஸ் டாசன் 1916இல் இதை விரிவாக எழுதினார். பக்கவாட்டுப் படத்தில், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்திலிருந்து மேல்நோக்கி விரியும் இத்திட்டுகள் இன்றும் 'டாசன் விரல்கள்' எனப்படுகின்றன. நுண்குழாய் நோயின் புள்ளிகள் பெரும்பாலும் ஆழ்ந்த வெண்பொருளில் சிதறிக் கிடக்கும்.

அடுத்தது கால மாற்றம். எம்.எஸ். நோயறிதலுக்கான மெக்டொனால்டு நெறிகளின் 2017 திருத்தம் இடப்பரவலையும் காலப்பரவலையும் கேட்டது. மூளை அறையோரம், புறணி அல்லது அதன் அருகு, மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் ஆகிய நான்கில் இரண்டிலாவது திட்டு இருக்க வேண்டியிருந்தது. கடோலினியம் என்ற ஊசிமருந்தை ஏற்று ஒளிரும் திட்டும் ஒளிராத திட்டும் ஒருசேரத் தெரிவதோ, பின்னர் புதிய திட்டு தோன்றுவதோ காலப்பரவலுக்குச் சான்றானது. தண்டுவட நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் எனும் எதிர்ப்பொருள் தடங்கள் இருந்தால் அதுவும் ஏற்கப்பட்டது. ஆனால் இந்நெறிகள் பார்வை நரம்பு அழற்சி போன்ற எம்.எஸ்.ஸுக்குரிய முதல் தாக்குதல் வந்தவர்களுக்காக வகுக்கப்பட்டவை. எம்.எஸ்.ஸைப் பிற நோய்களிலிருந்து பிரித்தறியும் கருவியாக அவை அமைக்கப்படவில்லை. தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் இவற்றைப் பொருத்துவது அந்நெறியையே மீறுவதாக இருந்தது.

இந்தியாவில் பின்னணியின் எடை இன்னும் கூடுகிறது. வட ஐரோப்பாவை விட இங்கே எம்.எஸ். அரிது, காசநோயும் நாடாப்புழுத் தொற்றும் பரவலாக உள்ளன. காசக்கட்டி பெரும்பாலும் முழு வளையமாக ஒளிரும், எம்.எஸ். திட்டின் வளையமோ பலமுறை புறணிப் பக்கம் திறந்திருக்கும். நாடாப்புழுக் கட்டியினுள் புழுவின் தலை புள்ளியாகத் தெரியலாம். பி12 குறைபாடு தண்டுவடத்தின் பின்பகுதியைத் தாக்கும். எம்.எஸ்.ஸை ஒத்த நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற நோயின் திட்டு மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கு மேலும் தண்டுவடத்தில் நீளலாம். 2004இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அறிவித்த எதிர்ப்பொருளைக் கொண்டு அதைப் பிரித்தறியலாம். பிரித்தறியாமல் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்ற எம்.எஸ். மருந்துகளைக் கொடுத்தால் அந்நோய் முற்றக்கூடும்.

தவறு வசதியான நாடுகளிலும் நிகழ்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் இரு மையங்களுக்கு எம்.எஸ். என்று அனுப்பப்பட்ட 241 பேரில் 43 பேருக்கு அந்நோய் இல்லை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களிடம் வேறெந்த நோயையும் விட அடிக்கடி காணப்பட்டது ஒற்றைத் தலைவலி.

தயங்கினால் மருந்து தாமதமாகி ஊனம் மிகும் என்ற எதிர்வாதம் வலுவானது. ஆனால் தண்டுவட எம்.ஆர்.ஐ., எதிர்ப்பொருள் பரிசோதனை, தண்டுவட நீர் ஆய்வு ஆகியவற்றுக்கு நெடுங்காலம் தேவையில்லை. மெக்டொனால்டு நெறிகளின் 2024 திருத்தம் பார்வை நரம்பை ஐந்தாம் இடமாகச் சேர்த்து, திட்டின் நடுச் சிரையையும் சான்றாக ஏற்றிருக்கிறது. வேகத்தையும் துல்லியத்தையும் ஒருசேரப் பெறும் வழி இதுவே.

ஆகவே ஸ்கேன் அறிக்கையில் திட்டுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. எந்த இடம், எந்த வடிவம், ஒளிர்கிறதா, நடுவே சிரை உண்டா, பழைய படத்தோடு ஒப்பிட்டால் என்ன மாற்றம் என்பவை எழுதப்பட வேண்டும். ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவரும் நோயாளியின் அறிகுறிகளையும் அவை தொடங்கிய நாளையும் சீட்டில் குறிக்க வேண்டும். 'எம்.எஸ். ஆக இருக்கலாம்' என்ற ஒற்றை வரி ஓர் இளம் பெண்ணின் திருமணத்தையும் வேலையையும் மாற்றிவிடக் கூடியது. அதை எழுதும் முன் இவ்வளவு உழைப்பைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.