‘லைஃப் ஆஃப் பை’ புலியை உருவாக்கியவர்கள்

எஸ்.பி.எம். முடித்ததும் கணினி வரைகலை படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் மெர்போக், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்திலும் உண்டு. அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று அறிய, 2012இல் ஆங் லீ இயக்கத்தில் வெளிவந்த ‘லைஃப் ஆஃப் பை’ படத்தைப் பார்த்தாலே போதும். புதுச்சேரிச் சிறுவன் ஒருவன் நடுக்கடலில் புலியோடு ஒரே படகில் தத்தளிக்கும் கதை அது.

உண்மையில் நடிகர் சூரஜ் சர்மாவும் புலியும் ஒருநாளும் ஒரே படகில் இருந்ததில்லை. சில காட்சிகளில் மட்டும் பழக்கப்பட்ட புலிகளைத் தனியே படம்பிடித்தார்கள். மற்றதெல்லாம் கணினிப் புலி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ‘ரிதம் அண்ட் ஹியூஸ்’ நிறுவனம் அதைச் செய்தது. கோலாலம்பூர், மும்பை, ஹைதராபாத் ஆகிய நகரங்களிலும் அதற்குக் கூடங்கள் இருந்தன.

முதலில் எலும்புக்கூடு, அதன்மேல் தசை, பிறகு தோல், கடைசியாக ரோமம். புலி நடந்தால் தோல் தசைமேல் வழுக்க வேண்டும். நனைந்தால் ரோமம் கொத்துக் கொத்தாக ஒட்ட வேண்டும். நிஜப் புலியின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே வேலை செய்தார்கள். அசைவுக்குப் பயன்பட்ட ‘வூடூ’ மென்பொருள் நிறுவனம் தானே எழுதியது, கடையில் கிடைக்காது. கடல்நீருக்குப் பயன்பட்ட ‘ஹூடினி’ கனடாவில் உருவானது. அதைக் கற்றுக்கொள்ள இலவசப் பதிப்பு உண்டு. படப்பிடிப்பு தைவானில் ஒரு பெரிய அலைத்தொட்டியில் நடந்தது. தொட்டிக்கு அப்பால் தெரியும் கடலும் வானமும் பின்னர் சேர்த்தவை. கப்பல் மூழ்கும் காட்சி ‘எம்.பி.சி.’ நிறுவனத்தின் கைவண்ணம்.

படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. காட்சி விளைவு உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. ஆனால் 2013 பிப்ரவரியில், விருது விழாவுக்குச் சில நாள்களுக்கு முன், ரிதம் அண்ட் ஹியூஸ் திவாலானதாக மனு செய்தது. 200க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இசையை எழுப்பி அவர் பேச்சை நிறுத்தினார்கள். அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான வரைகலைத் தொழிலாளர்கள் மறியல் செய்தார்கள்.

காரணம் கைத்திறன் குறைவல்ல. இத்துறையில் கூலியை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவார்கள். அதன்பின் இயக்குநர் எத்தனை முறை மாற்றச் சொன்னாலும், படம் தள்ளிப்போனாலும், சம்பளச் சுமை கூடத்தின் தலையில்தான். வசூலில் பங்கும் கிடையாது. வரிச்சலுகை தரும் நாடுகளுக்கு வேலை நகர்ந்ததும் சேர்ந்துகொண்டது. 1987இல் தொடங்கிய அந்த நிறுவனம், விருது வாங்கிய அடுத்த மாதமே ஏலத்தில் கைமாறியது.